வாசகர் கேள்வி பதில்: பாட்டியின் கதைக்கு என்ன பெயர்?

கேள்வி: டீச்சர், வெளிவாரிப் பட்டப்படிப்பில் இந்த ஆண்டு எனக்கு அமெரிக்க இலக்கியம் ஒரு பாடம். டிரான்சென்டென்டலிசம், யதார்த்தவாதம், இயற்பண்புவாதம், நவீனத்துவம் என்று இயக்கங்களையும் ஆண்டுகளையும் மனனம் செய்கிறேன். விடைத்தாளைக் கையில் எடுத்ததும் எல்லாம் கலந்துவிடுகின்றன. ஒரு வழி சொல்லுங்கள்.
– ஓர் ஆசிரியை, ஹட்டன்

பதில்: மனனம் செய்வதை இன்றே நிறுத்திவிடுங்கள், மகள். இந்தப் பெயர்களில் பல, பின்னால் வந்த விமர்சகர்கள் சூட்டியவை. 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்று உங்கள் குறிப்பில் கட்டாயம் இருக்கும். ஹோதோர்னின் 'தி ஸ்கார்லெட் லெட்டர்' 1850, மெல்வில்லின் 'மோபி டிக்' 1851, தோரோவின் 'வால்டன்' 1854, விட்மனின் 'லீவ்ஸ் ஒஃப் கிராஸ்' 1855. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வந்த இந்தப் படைப்புகளுக்கு அந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் எஃப். ஓ. மத்தியசன், அவருடைய நூல் வந்தது 1941இல். அதே காலத்தில் நாட்டையே உலுக்கிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலுக்கும், தப்பி வந்த அடிமையான ஃபிரெடரிக் டக்ளஸின் சுயசரிதைக்கும் அந்த நூலில் உரிய இடம் கிடைக்கவில்லை. எனவே ஓர் இயக்கத்தின் பெயரைப் படிக்கும்போது அதைச் சூட்டியவர் யார், யாரை வெளியே நிறுத்தினார் என்றும் சேர்த்துப் படியுங்கள்.

நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி, எந்தப் படைப்பிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது: இந்த மனிதனின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது யார்?

டிரான்சென்டென்டலிசத்தைச் சேர்ந்த எமர்சனும் தோரோவும் 'உன் உள்ளம்தான்' என்பார்கள். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று மறுத்து, 1846 ஜூலையில் தோரோ ஓர் இரவு சிறையில் இருந்தார். அதைப் பற்றி 1849இல் அவர் வெளியிட்ட கட்டுரையைத்தான் காந்தி விரும்பிப் படித்தார். இனி மார்க் ட்வெய்னிடம் வாருங்கள். ஹக்கிள்பெரி ஃபின் என்ற பையன், தப்பி ஓடும் ஜிம் என்ற அடிமையைக் காட்டிக்கொடுக்கக் கடிதம் எழுதுகிறான். எழுதச் சொல்வது அவனுடைய மனச்சாட்சி. அடிமைக்கு உதவுவது பாவம் என்று ஊர் அவனுக்குள் ஊட்டி வளர்த்த மனச்சாட்சி அது. பிறகு, நரகத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்று கடிதத்தைக் கிழித்துப் போடுகிறான். எமர்சன் நம்பியிருந்த உள்ளத்துக்குள்ளேயே சமூகம் குடியேறிவிட்டதைக் கண்டவர் ட்வெய்ன். யதார்த்தவாதம் என்ன செய்தது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

இயற்பண்புவாதிகளிடம் தீர்மானிப்பது பிறப்பும் பசியும் பணமும். அப்டன் சின்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவலில், லித்துவேனியாவிலிருந்து வந்த யூர்கிஸ் தன் உடற்பலத்தை நம்பி சிக்காகோவின் இறைச்சித் தொழிற்சாலைக்குள் நுழைகிறான். அங்கே காயப்பட்டதும் அந்தப் பலம் விலைபோகாமல் போகிறது. நவீனத்துவத்துக்கு வந்தால் பதில் சொல்லும் குரலே சிதறிவிடும். ஃபோக்னரின் 'ஆஸ் ஐ லே டையிங்' நாவலில் ஒரு தாயின் சாவையும் அடக்கத்தையும் 15 பேர் மாறி மாறிச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி என்று ஃபோக்னர் தீர்ப்புச் சொல்வதில்லை.

ஹோதோர்னும் மெல்வில்லும் எமர்சனின் காலத்திலேயே வாழ்ந்து, அவருடைய நம்பிக்கையைச் சந்தேகித்தவர்கள். அவர்களை அதே கூட்டத்தில் சேர்த்து எழுதிவிடாதீர்கள். புள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான் போகின்றன.

கேள்வி: பேராதனையில் படிக்கிறேன். மஸ்கெலியாவில் இருக்கும் என் பாட்டியின் கதைகளை ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். அவருடைய பாட்டனார் கடல் தாண்டி வந்தது, கங்காணியின் கடன், லயத்து வரிசை வீடுகளின் வாழ்க்கை எல்லாம் அதில் இருக்கின்றன. ஆய்வுக் கட்டுரையில் இதை நம்முடைய 'ஸ்லேவ் நரேட்டிவ்' என்று குறிப்பிடலாமா?
– ஒரு மாணவன்

பதில்: வேண்டாம், தம்பி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நானும் லயத்தில் பிறந்தவள்தான். அந்தக் கோபத்துக்குச் சரியான பெயர் கிடைக்க வேண்டும் என்பதால்தான் இரவல் பெயர் வேண்டாம் என்கிறேன்.

'ஸ்லேவ் நரேட்டிவ்' என்பது, சட்டத்தின் கண்ணில் இன்னொருவரின் சொத்தாக இருந்த மனிதர் தன் கதையைத் தானே சொல்வது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து ஏலத்தில் விற்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. நம்மவர்களைக் கட்டிப்போட்டது கடன். 'துண்டு' என்ற கடன் சீட்டு இல்லாமல் அன்று அடுத்த தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. ஆள் மாறினால் கடனும் துண்டோடு கூடவே போகும். இதுவும் கொடுமைதான், ஆனால் வேறு விதமாக இயங்கிய கொடுமை. இரண்டையும் ஒரே பெயரில் அடக்கினால், துண்டு எப்படி மனிதரைப் பிடித்து வைத்தது என்று விளக்க வேண்டிய உங்கள் கட்டுரை அதை விளக்காமலே முடிந்துவிடும்.

ஆனால் டக்ளஸை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 1845இல் வந்த அவருடைய நூல், தன் வயது தனக்குத் தெரியாது என்ற செய்தியோடு தொடங்குகிறது. குதிரைகளுக்குத் தங்கள் வயது எவ்வளவு தெரியுமோ அடிமைகளுக்கும் அவ்வளவுதான் தெரியும் என்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நினைவுக்கு வரும். தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டார்கள். பிறப்பே பதியப்படாத மக்கள் எங்கே போவார்கள்? காரணங்கள் வேறு. ஆனால் ஒரு மனிதனின் பிறந்த நாள் அவன் கையில் இல்லை என்ற இடத்தில் இரண்டு வரலாறுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒப்பிட வேண்டிய இடம் இதுதான்.

அவர் எழுத்துக் கற்ற கதையையும் பாருங்கள். பால்டிமோரில் எசமானி அவருக்கு நெடுங்கணக்கும் சிறு சொற்களும் சொல்லிக்கொடுக்கிறார். கணவன் தடுக்கிறான்: படித்தால் இவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றவனாகிவிடுவான். அந்தத் தடையிலிருந்தே, விடுதலைக்கு வழி படிப்புத்தான் என்று சிறுவன் தெரிந்துகொள்கிறான். தெருவில் பசித்திருக்கும் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்குப் பாண் கொடுத்து வாசிக்கக் கற்கிறான். கப்பல் கட்டும் இடத்தில் ஒவ்வொரு மரத்துண்டும் கப்பலின் எந்தப் பக்கத்துக்கு என்று தச்சர்கள் ஓர் எழுத்தைக் குறித்து வைப்பார்கள். அந்த எழுத்துகளைப் பார்த்து எழுதப் பழகுகிறான். எசமானின் மகன் எழுதி முடித்த கொப்பியில், மீதி இடத்தில் அவனுடைய எழுத்தைப் பார்த்து எழுதுகிறான்.

இத்தகைய நூல்களில் 'தானே எழுதியது' என்ற குறிப்பு தலைப்போடு வரும். டக்ளஸின் நூலுக்கு வில்லியம் லாயிட் கேரிசன் என்ற வெள்ளையர் முன்னுரை எழுதி உறுதி சொல்ல வேண்டியிருந்தது. ஹாரியட் ஜேக்கப்ஸ் கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் தன் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில், நிமிர்ந்து நிற்க முடியாத பொந்தில் ஒளிந்திருந்தவர். 1861இல் புனைபெயரில் வந்த அவருடைய நூலை வெகுகாலம் புனைகதை என்றே பலர் எண்ணினார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் 1980களில் கடிதங்களைத் தேடி எடுத்து, அது ஜேக்கப்ஸ் எழுதிய உண்மை என்று நிறுவினார்.

உங்கள் ஒலிப்பதிவுக்கு நெருக்கமானது வேறொன்று இருக்கிறது. 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம் ஒன்று, அடிமைகளாயிருந்து முதுமையடைந்தவர்களைத் தேடிச் சென்று 2,300க்கும் மேற்பட்ட வாய்மொழிக் கதைகளைப் பதிந்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். அதனால் முதியவர்கள் பலவற்றை அடக்கியே பேசினார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே பாட்டி பேசும்போது யார் அருகில் இருந்தார்கள், எதைச் சொல்லத் தயங்கினார், எந்த இடத்தில் பாட்டாகச் சொன்னார் என்பதையெல்லாம் இப்போதே எழுதி வையுங்கள். பாட்டு இருந்தால் முழுவதையும் எழுதுங்கள். மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாடல்களைத் திரட்டியிராவிட்டால் எத்தனை போயிருக்கும்! 'மலையகத்து வாய்மொழி வரலாறு' என்று தலைப்பிடுங்கள். அது யாருக்கும் குறைந்த பெயரல்ல.

கேள்வி: மார்க் ட்வெய்ன் இலங்கைக்கு வந்தாரா?
– பதுளை வாசகர்

பதில்: வந்தார். பதிப்பகம் முறிந்து ஏற்பட்ட கடனை அடைக்க உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றிய பயணத்தில், 1896 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார். வீதியில் கண்ட உடைகளின் நிறங்களில் மயங்கிப்போனார். 1897இல் வந்த 'ஃபாலோவிங் தி ஈக்குவேட்டர்' என்ற பயண நூலில் அந்தப் பக்கங்கள் இருக்கின்றன.

கேள்வி: எதுகை மோனை இல்லாமல் எழுதினால் அதற்குப் பெயர் வசன கவிதையா? விட்மனைப் போல யாரும் எழுதிவிடலாமே?
– கவிதை எழுதும் இளைஞன், பண்டாரவளை

பதில்: எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், தம்பி. விட்மன் 1855இல் 12 கவிதைகளைத் தன் செலவில் அச்சிட்டார். அச்சுக் கோப்பதிலும் கை கொடுத்தார். 1892இல் இறக்கும்வரை அதே நூலைத் திருத்தியும் பெருக்கியும் வந்தார். எளிதான வேலையாக இருந்தால் ஓர் ஆயுள் தேவைப்பட்டிருக்காது.

வானியல் அறிஞர் ஒருவரின் சொற்பொழிவைக் கேட்டது பற்றி அவருக்கு எட்டே வரிகளில் ஒரு கவிதை உண்டு. முதல் நான்கு வரிகளும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. ஒவ்வொரு வரியும் முந்தியதைவிட நீள்கிறது: அறிஞர், கணக்குகள், வரைபடங்கள், கைதட்டல். மண்டபத்தின் புழுக்கம் வரியின் நீளத்திலேயே ஏறுகிறது. பிறகு அவர் வெளியே வருகிறார். கடைசி வரியில் நட்சத்திரங்களை மௌனமாக அண்ணாந்து பார்க்கிறார். கட்டற்ற கவிதை எழுதியவர் அந்த ஒரு வரியை மட்டும் ஆங்கில மரபின் ஐஞ்சீர் அளவில் பிசகாமல் அமைத்திருக்கிறார். யாப்பு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்த கை அது. நம் பெண்கள் ஒப்பாரியில் ஒரே விளியை வரிக்கு வரி திருப்பிச் சொல்லித் துயரத்தை ஏற்றுவதைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஒஃப் ராத்' வெறும் பிரசாரம், இலக்கியமல்ல என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். உங்கள் கருத்து?
– தொழிற்சங்க ஊழியர், தலவாக்கலை

பதில்: அந்த நாவல் 1939இல் வந்தபோது கலிபோர்னியாவின் கேர்ன் மாவட்டத்தில் நூலகங்களிலிருந்து தடை செய்தார்கள். அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. இரண்டும் உங்கள் நண்பருக்குப் பதிலாகா. இடையிடையே வரும் சில அத்தியாயங்களில் ஆசிரியரின் குரல் மேடைப் பேச்சாக உயர்ந்துவிடுகிறது என்பது என் கருத்தும்கூட. ஆனால் ஒரு காட்சியை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

நிலத்தை இழந்து கலிபோர்னியாவுக்கு வந்த ஜோட் குடும்பம் ஒரு பண்ணையில் பீச் பழம் பறிக்கிறது. பெட்டிக்கு ஐந்து சதம். 20 பெட்டிக்கு ஒரு டொலர். தாய் அந்த ஒரு டொலர் சீட்டோடு பண்ணைக் கடைக்குப் போகிறாள். நகரத்தைவிட அங்கே எல்லாம் விலை. கடைக்காரன் அவளைப் பார்த்து இளிக்கிறான், குத்தலாகப் பேசுகிறான். இறைச்சி, பாண், உருளைக்கிழங்கு, கோப்பி வாங்கியதும் டொலர் தீர்ந்துவிடுகிறது. கோப்பிக்குச் சீனி இல்லை. பத்துச் சதச் சீனியைக் கடனாகத் தரக் கேட்கிறாள். ஆட்கள் இன்னும் பறித்துக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்கிறாள். முடியாது, சட்டம் அப்படி என்கிறான். பிறகு தன் பையிலிருந்து பத்துச் சதத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுச் சீனியைக் கொடுக்கிறான்.

பிரசாரத்துக்கு எதிரே நிற்க ஒரு வில்லன் வேண்டும். இந்தக் கடைக்குள் வில்லன் இல்லை. விலையை நிர்ணயித்தவர் அங்கே வரவே மாட்டார். இருப்பவர்கள் இரண்டு ஏழைகள். ஒருவர் மற்றவருக்கு விலை சொல்லச் சம்பளம் வாங்குகிறார், அந்த வெட்கத்தில்தான் அவர் சிடுசிடுக்கிறார். என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தவர். சம்பள நாளுக்கு முந்திய இரவு குப்பி விளக்கின் கீழ் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டைத் திறந்து வைத்து, அரிசிக்கு இவ்வளவு, தீபாவளி முற்பணத்துக்கு இவ்வளவு, டோபிக்கு இவ்வளவு என்று பெயருக்குப் பெயர் கழித்து எழுதுவார். அந்த இரவுகளில் எங்களோடு பேச மாட்டார். ஏன் என்பது இந்தக் காட்சியை வாசித்த பிறகே எனக்கு விளங்கியது. பிரசாரம் அப்படி ஒரு மனிதரை விளக்கித் தராது.

கேள்வி: மகள் உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்திருக்கிறாள். எனக்கும் அவளோடு வாசிக்க ஆசை. என் ஆங்கிலம் குறைவு. எதில் தொடங்கலாம்?
– ஒரு தாய், ஹப்புத்தளை

பதில்: கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது, அம்மா. லாங்ஸ்டன் ஹியூஸ் 1922இல் வெளியிட்ட 'மதர் டு சன்' என்ற கவிதையில் தொடங்குங்கள். இருபதே வரிகள், சின்னச் சின்னச் சொற்கள். ஒரு தாய் மகனிடம் பேசுகிறாள்: தான் ஏறிவந்த படிக்கட்டு பளிங்கால் ஆனதல்ல, ஆணியும் சிராயும் நிறைந்தது, சில இடங்களில் பலகையே இல்லை, ஆனாலும் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறேன். ஹார்லெம் மறுமலர்ச்சி என்று மகள் படிக்கப்போகும் கறுப்பின எழுத்தாளர்களின் இயக்கத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

அடுத்து டக்ளஸ். சிறிய நூல்தான், காப்புரிமைக் காலம் முடிந்தது என்பதால் குட்டன்பெர்க் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, தொலைபேசியிலேயே வாசிக்கலாம். ஆறாம், ஏழாம் அத்தியாயங்களை முதலில் வாசியுங்கள். அவர் படிக்கக் கற்ற கதை அங்கேதான் வருகிறது. ஹியூஸின் கவிதையை மட்டும் உரக்க வாசிக்க வேண்டும், அதுவும் தாய் பேசும் கவிதை என்பதால் நீங்கள்தான் வாசிக்க வேண்டும். அந்தத் தாயின் பேச்சில் மகள் இலக்கணப் பிழை கண்டால் திருத்த விடாதீர்கள். ஹியூஸ் தன் மக்கள் பேசும் மொழியை அப்படியே வேண்டுமென்றே எழுதினார்.