பத்து ஜெயித்தவர் ஏன் வெறுங்கையோடு போனார்?

கேள்வி: தொழிலதிபர் ஆலன் சுகர், போட்டியாளர்களுக்கு வாராவாரம் ஒரு வியாபார டாஸ்க் கொடுத்து, தோற்ற அணியிலிருந்து ஆளை வெளியேற்றும் பி.பி.சி. நிகழ்ச்சி 'தி அப்ரன்டிஸ்'. அதன் பழைய சீசன்களை இப்போதுதான் வரிசையாகப் பார்த்து முடித்தேன். 2011 சீசனில் ஹெலன் மில்லிகன் பதினொரு டாஸ்க்கில் பத்தில் ஜெயித்த அணியில் இருந்தார். டாம் பெல்லரோ எட்டில் தோற்ற அணியில் இருந்தார். ஆனால் ஆலன் சுகர் பணத்தைக் கொடுத்தது டாமுக்கு! இது அநியாயம் இல்லையா? மற்ற போட்டியாளர்கள் எல்லாம் வெறும் வாய்ச்சவடால் கோஷ்டி. இவர்களில் ஒருவரையாவது நீங்கள் வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?

பதில்: அநியாயம் ஒன்றும் இல்லை. நீங்கள் கணக்குத் தாளைத் திருத்திவிட்டு, அறிவியலில் ஏன் முதல் மார்க் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள்.

பிரிட்டனில் இந்த நிகழ்ச்சி 2005-ல் தொடங்கியபோது பரிசு ஒரு வேலை. சுகரின் நிறுவனத்தில், ஆண்டுக்கு 1 லட்சம் பவுண்டு சம்பளம். வேலைக்கு ஆள் எடுக்கிறவர் என்ன பார்ப்பார்? சொன்னதைச் சொன்ன நேரத்துக்குள் முடிப்பாரா, தெரியாத இடத்தில் விட்டாலும் சமாளிப்பாரா, நாலு பேரை வைத்து வேலை வாங்குவாரா? அதற்கேற்ற டாஸ்க்குகளைத்தான் வைத்தார்கள். விடிவதற்கு முன்னால் எழுப்பி, இரண்டு அணியாகப் பிரித்து, கையில் கொஞ்சம் சரக்கையோ பணத்தையோ கொடுத்துத் தெருவில் இறக்கிவிட வேண்டியது. முடிவில் எந்த அணியின் கல்லா கனமாக இருக்கிறது என்று பார்க்க வேண்டியது. சரியான பரீட்சைதான்.

2011-ல் பரிசை மாற்றினார்கள். வேலை கிடையாது. அதற்குப் பதில் 2.5 லட்சம் பவுண்டு முதலீடு; தொடங்கப்போகும் கம்பெனியில் சுகருக்குச் சரிபாதி. ஊழியரைத் தேடிக்கொண்டிருந்தவர் பங்காளியைத் தேட ஆரம்பித்தார். ஆனால் டாஸ்க்குகள்? அதே இருட்டு, அதே தெரு, அதே கல்லா. கேள்வித்தாளை மாற்ற மறந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். மறந்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். தெருவில் நாலு பேர் அடித்துக்கொள்வதைப் பார்க்கத்தான் நாம் டி.வி. முன்னால் உட்காருகிறோம். ஒருவர் மேஜையில் தனியாக உட்கார்ந்து எதையோ வளைத்து வளைத்துப் பார்ப்பதை எத்தனை வாரம் காட்ட முடியும்?

எதையோ வளைத்துப் பார்க்கிறவர் என்றால் டாம்தான். போட்டிக்கு வருவதற்கு முன்பே, நகத்தின் வளைவுக்கு ஏற்ற மாதிரி வளைந்த ஒரு நக அரத்தைக் கண்டுபிடித்துக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தவர். ஹெலன், கிரெக்ஸ் என்ற பெரிய பேக்கரி நிறுவனத்தில் தலைமை நிர்வாகிக்கு உதவியாளராக இருந்தவர். இந்த இரண்டு வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

மீதிப் பாதியை அந்த பாரிஸ் டாஸ்க்கில் பாருங்கள். பிரிட்டிஷ் தயாரிப்புகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து பிரெஞ்சுக் கடைக்காரர்களிடம் ஆர்டர் பிடிக்க வேண்டும். அதில் ஒன்று, குழந்தைகள் முதுகில் மாட்டிக்கொள்ளும் பை. பிரித்தால் காரில் குழந்தை உட்காரும் இருக்கையாகிவிடும். டாம் பார்த்தவுடன் இதுதான் என்று பிடித்துக்கொண்டார். அவர் அணித்தோழி பாரிஸில் சந்தை ஆய்வு செய்தார். எங்கே? மெட்ரோ ரயிலில் போகிறவர்களிடம்! நீங்கள் கார் ஓட்டுவீர்களா என்று விசாரித்தார். ரயிலில் போகிறவர் என்ன சொல்வார்? பாரிஸ்காரர்கள் காரே ஓட்டுவதில்லை என்று முடிவு வந்தது. டாம் லேசாக முனகிவிட்டு விட்டுக்கொடுத்தார். அந்தப் பையை ஹெலன் இருந்த அணி எடுத்துக்கொண்டது. லா ரெடூட் என்ற பெரிய பிரெஞ்சு விற்பனை நிறுவனம் அவர்களுக்குப் பெரிய ஆர்டரைத் தூக்கிக் கொடுத்தது. ஹெலன் கணக்கில் இன்னொரு வெற்றி, டாம் கணக்கில் இன்னொரு தோல்வி.

நீங்கள் எண்ணிய பத்திலும் எட்டிலும் இந்த டாஸ்க்கும் சேர்த்தி. ஆனால் எந்தப் பொருள் விற்கும் என்று சரியாகப் பார்த்த கண் தோற்ற அணியில் இருந்தது. சுகர் போன்ற ஆசாமிக்கு அது தெரியாமல் இருக்குமா? இளம் வயதில் வேனில் வைத்துக் கார் ஏரியல் விற்றவர் அவர். தெருவில் விற்கத் தெரிந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். ஆனால் அவருக்குப் பெரும் பணம் வந்தது தெருவில் கூவி அல்ல. 1968-ல் ஆம்ஸ்ட்ராட் கம்பெனியைத் தொடங்கி, மற்றவர்கள் எட்டாத விலைக்கு விற்றுக்கொண்டிருந்ததைச் சாதாரண வீட்டுக்கு ஏற்ற விலையில் செய்து கொடுத்தார். 1985-ல் வந்த அவருடைய பி.சி.டபிள்யூ. கணினி, பிரிண்டரோடு சேர்த்து, வரி சேர்க்காமல் 399 பவுண்டு. எழுத்தாளர்களும் சிறு அலுவலகங்களும் அள்ளிக்கொண்டு போனார்கள். கையில் பொருள் இருந்தால் விற்கிற ஆளைச் சம்பளத்துக்குப் பிடித்துவிடலாம் என்று தெரிந்த மனிதர், யார் பக்கம் சாய்வார்?

ஹெலனின் தொழில் திட்டம், நேரமில்லாதவர்களின் அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்தித் தரும் சேவை. அதாவது, அவர் ஏற்கெனவே பார்த்த உதவியாளர் வேலையையே ஊருக்கெல்லாம் விரித்தது. டாம் கொண்டுவந்த திட்டமும் ஒன்றும் பிரமாதமில்லை. அலுவலகத்தில் முதுகு வலி வராமல் இருக்க நாற்காலி என்று ஏதோ சொன்னார். சுகர் அதைத் தள்ளி வைத்துவிட்டு நக அரத்தின் பக்கம் போனார். அவர் திட்டத்துக்குப் பணம் போடவில்லை, அடுத்தடுத்து ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருப்பார் என்று ஆளின் மேல் போட்டார்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். ஹெலனை நாளைக்கே வேலைக்கு எடுப்பேன். சம்பளம் எவ்வளவு என்று அவரே சொல்லட்டும். டாமை வேலைக்கு வைக்க மாட்டேன். இரண்டாவது மாதத்தில் அச்சு இயந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, இதை வேறு மாதிரி செய்யலாம் சார் என்று நிற்பார். ஆனால் அவரிடம் பணம் போடச் சொன்னால், இருந்தால், போடுவேன். ஆக ஹெலனைப் பற்றிய உங்கள் மதிப்பீடு சரிதான். 2010 வரை நடந்த போட்டியாக இருந்தால் கோப்பை அவருக்கு.

அந்த வேலைப் பரிசும் தேன் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010 சீசனில் ஜெயித்த ஸ்டெல்லா இங்கிலிஷ், கிடைத்தது உண்மையான வேலையே இல்லை என்று சுகர் மீது தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2013-ல் வழக்கு தோற்றது. யார் பக்கம் நியாயம் என்ற விவாதத்தை விடுங்கள். ஜெயித்தவர் என்ன ஜெயித்தார் என்பதே தெளிவாக இல்லாத ஒரு போட்டி என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாய்ச்சவடால் என்கிறீர்களே, அதில் எனக்கும் உங்களுக்கும் கொஞ்சம் தகராறு. தோற்ற அணியைச் சுகர் விசாரிக்கும் அறையான போர்டுரூமின் விதியைப் பாருங்கள். தோற்ற அணியின் தலைவர், தன்னோடு இன்னும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். மூவரில் ஒருவர் பெட்டியைத் தூக்க வேண்டும். அங்கே 'என் தப்புதான்' என்று சொல்கிறவரை நாம் நாகரிகமானவர் என்போம். அவரைத்தான் டாக்சியில் ஏற்றுவார்கள். பிழைக்க வேண்டுமானால் பக்கத்து நாற்காலியைக் கைகாட்ட வேண்டும். விளையாட்டின் விதி அது. அதற்கு ஆளின் குணத்தைக் குறை சொல்லி என்ன பயன்? கபடி ஆடுகிறவர் காலைப் பிடித்து இழுக்கிறார் என்று கோபப்படுவோமா?

அமெரிக்க 'அப்ரன்டிஸ்' இரண்டாவது சீசனில் பிராட்ஃபோர்ட் கோஹன் என்ற வக்கீலுக்கு அந்த வாரம் வெளியேற்றத்திலிருந்து விலக்கு இருந்தது. தன் அணிமேல் இருந்த தெம்பில் அதை வேண்டாம் என்று தானே தூக்கி எறிந்தார். அங்கே சுகரின் இடத்தில் இருந்த டிரம்ப் அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார். முதல் சீசனின் இறுதிச் சுற்றில் குவாமே ஜாக்சன், தன் கீழ் வேலை பார்த்த ஒமரோசா பொய் சொன்னது தெரிந்தும் அவரை நீக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, அப்படிச் செய்யலாம் என்றே தெரியாது என்றார். ஹார்வர்டில் படித்தவர், பண்பாளர். வேலை பில் ரான்சிக்குக் கிடைத்தது. இன்னொரு பக்கம், 2008 பிரிட்டிஷ் சீசனில் லீ மெக்வீன். பயோடேட்டாவில் கல்லூரியில் இரண்டு வருஷம் என்று போட்டிருந்தார்; விசாரித்தால் நாலே மாதம். மாட்டிக்கொண்டார். ஜெயித்தது அவர்தான்! எனக்கு இன்னும் ஜீரணிக்காத தீர்ப்பு அது. டாம் ஜெயித்ததற்காக அல்ல, லீ ஜெயித்ததற்காக நீங்கள் கோபப்பட்டுக் கடிதம் எழுதியிருந்தால் கூடவே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அப்புறம், நாம் பார்ப்பது வெட்டி ஒட்டிய படம். இரண்டு நாள் அலைச்சல் ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அதில் மிஞ்சுவது சண்டையும் உளறலும்தான். சுகரின் அந்த போர்டுரூம்கூட ஸ்டூடியோவில் போட்ட செட். ஆகாயத்திலிருந்து காட்டும் கண்ணாடிக் கட்டடங்களில் அது இல்லை.

உளறல் என்றதும் சூசன் மா ஞாபகம் வருகிறார். டாம், ஹெலனோடு கடைசி நால்வரில் ஒருவர். அதே பாரிஸ் டாஸ்க்கில், பிரெஞ்சுக்காரர்களுக்குக் குழந்தைகள் என்றால் பிடிக்குமா என்று அப்பாவியாகக் கேட்டு நாடே சிரித்தது. பதின்வயதிலேயே சந்தைக் கடையில் தானே தயாரித்த சருமப் பூச்சுகளை விற்றுக்கொண்டிருந்தவர் அவர். போட்டியில் தோற்ற அவருக்கும் சுகர் பிறகு தனியாகப் பணம் போட்டார். 'டிராபிக்' (Tropic) என்ற அந்தச் சருமப் பூச்சுக் கம்பெனி பெரிதாக வளர்ந்தது. 2023-ல் சுகரின் பாதியையும் சூசனே வாங்கிக்கொண்டார்.

உங்களுடைய வாய்ச்சவடால் கோஷ்டியில் அவரும் இருந்தாரா என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தவன்.