அலெக்சாந்திரியா நூலகத்தை எரித்தது ஜூலியஸ் சீசரா?

சீசர் கணக்கில் ஒரு தீ உண்டு, ஆனால் மொத்தப் பழியையும் அவர் தலையில் போட முடியாது.

எகிப்தை ஆண்ட தாலமி அரசர்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வளர்த்த நூலகம் இது. புத்தகம் சேர்ப்பதில் அவர்களுக்கு வெட்கமே கிடையாது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இருந்த சுருள்களைப் பறித்து, நகலெடுத்து, நகலைத்தான் திருப்பிக் கொடுத்தார்களாம். ஏதென்ஸிடம் 15 தாலந்து வெள்ளியை ஈடாக வைத்து நாடகச் சுவடிகளை இரவல் வாங்கிய மூன்றாம் தாலமி, பணம் போனால் போகட்டும் என்று மூலத்தை வைத்துக்கொண்டதாக மருத்துவர் கேலன் எழுதுகிறார். பூமியின் சுற்றளவைக் கணக்கிட்ட எரட்டோஸ்தனிஸ் இங்கே நூலகராக இருந்தவர்.

சரி, அழிவுக்கு வருவோம். முதல் அடி தீ அல்ல, அரசியல். கி.மு. 145 வாக்கில் எட்டாம் தாலமி அறிஞர்களை விரட்டினார். கி.மு. 48இல் சீசர் எதிரியின் கப்பல்களுக்கு வைத்த தீ கரைக்கும் பரவியது. ஆனால் அதற்குப் பிறகும் அங்கே அறிஞர்கள் இருந்ததைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ பதிவு செய்திருக்கிறார். கி.பி. 272 வாக்கில் ரோமப் பேரரசர் ஆரேலியன் நடத்திய போரில், நூலகம் இருந்த அரண்மனைப் பகுதியே நாசமானது. இதற்கிடையில் பாப்பிரஸ் என்னும் நாணல் தாளில் எழுதிய சுருள்கள் தாமாகவே நைந்துபோகும். திரும்பத் திரும்ப நகலெடுக்க ஆளும் பணமும் வேண்டும், அது நின்றுபோனது.