எடையைச் சொல்லுங்கள்: விடுமுறை நாட்களில் வீட்டு விலங்குகள் குறித்த கேள்வி பதில்

நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்ப்பது என் தொழில். குளிர்கால விடுமுறை நெருங்கும்போதெல்லாம் என்னிடம் வரும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றேதான். வீட்டில் ஆள் கூடுகிறது, கதவு திறந்தே கிடக்கிறது, தின்பண்டம் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கிவருகிறது. கேட்பவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள்தான்: விலங்கின் எடையைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: டாக்டர், விருந்தினர் கொண்டுவந்த சாக்லேட்டை எங்கள் நாய் தின்றுவிட்டது. ஆபத்தா?

பதில்: எடையைச் சொல்லவில்லை, தின்ற அளவையும் வகையையும் சொல்லவில்லை, ஆகவே கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருளை நம் உடல் நாயைவிட வேகமாக வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ அதில் பாதி குறைவதற்கே ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். ஒரு கிராம் பால் சாக்லேட்டில் சுமார் 2 மில்லிகிராமும், கறுப்பு சாக்லேட்டில் 5 மில்லிகிராமும் அதற்கு மேலும், இனிப்பு சேர்க்காத சமையல் சாக்லேட்டில் 14 மில்லிகிராமுக்குக் குறையாமலும் அது இருக்கும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஆனால் வாந்தியும் படபடப்பும் தொடங்கும். 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐத் தொட்டால் வலிப்பு வரும். 30 கிலோ நாய் 20 கிராம் பால் சாக்லேட்டைத் தின்றால் கிலோவுக்கு ஒன்றரை மில்லிகிராம்கூடத் தேறாது. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். 4 கிலோ நாய் 50 கிராம் கறுப்பு சாக்லேட்டைத் தின்றால் கிலோவுக்கு 62 மில்லிகிராம். அப்போது இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நான் எடையைக் கேட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான்.

உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கூடாது. சாக்லேட்டில் பிழைத்த நாய் உப்பினால் இரத்தத்தில் சோடியம் ஏறிச் சாகக்கூடும்.

கேள்வி: அலங்காரத்துக்குக் கட்டிய ஜிகினாச் சரத்தில் ஒரு துண்டைக் காணவில்லை. பூனை சுருண்டு படுத்திருக்கிறது, காலையிலிருந்து இருமுறை வாந்தி எடுத்தது. வெளிக்குப் போகும்போது வந்துவிடும் என்று பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுக்காதீர்கள், இன்றே கொண்டுபோங்கள். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்ப நினைத்தாலும் அதனால் துப்ப முடியாது. நூலின் ஒரு முனை பெரும்பாலும் நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ மாட்டிக்கொள்ளும். மறுமுனையைக் குடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்க, நாடா இழுத்த பாவாடையைப் போலக் குடல் முழுவதும் அந்த நூலின்மேல் கொசுவிக்கொள்ளும். அப்படியொரு குடலை அறுவை மேசையில் முதன்முதலாகப் பார்த்தபோது, ஒரு சாண் நீளத்துக்கு அது விரற்கடை அளவாகச் சுருங்கியிருந்தது; இறுகிய இடங்களில் நூல் கத்திபோல் அறுத்து நான்கு ஓட்டைகள் போட்டிருந்தது. வாயிலோ ஆசனவாயிலோ நூல் எட்டிப்பார்த்தால் அதை இழுக்க வேண்டாம், நறுக்கவும் வேண்டாம். பரிசுப்பெட்டியின் நாடா, தையல் நூல், கம்பளி நூல் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். ஜிகினா இல்லாமலும் வீடு அழகாகத்தான் இருக்கும். பூனை இருக்கும் வீட்டில் அதைக் கட்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

கேள்வி: பாயின்செட்டியா செடி பூனைக்கு நஞ்சு என்கிறார்களே, தூக்கி எறிந்துவிடவா?

பதில்: வேண்டாம். அதன் பால் வாயில் பட்டால் எச்சில் ஒழுகும், சில சமயம் வாந்தி வரும், அவ்வளவுதான். தூக்கி எறிய வேண்டியது பூங்கொத்தில் வரும் லில்லியை. இலை, இதழ், மகரந்தம், குவளையில் தேங்கிய நீர் என எதை நக்கினாலும் பூனையின் சிறுநீரகம் மூன்று நாட்களுக்குள் செயலிழந்துவிடும்.

கேள்வி: வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் நாய் நடுங்கிக்கொண்டு என் மடியில் ஏறுகிறது. அப்போது தடவிக்கொடுத்தால் பயத்துக்குப் பரிசு கொடுத்ததாக ஆகிவிடும், கண்டுகொள்ளாமல் இருங்கள் என்று நாய்ப் பயிற்சியாளர் ஒருவர் சொன்னார். எனக்கோ மனம் கேட்கவில்லை.

பதில்: உங்கள் மனம் சொல்வதே சரி. தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலே சொன்ன பதிலை நான் ஏற்கவில்லை. முப்பது ஆண்டுகளாக நாய்களைப் பழக்கிவருபவன் நான். எந்தச் செயலுக்கு நற்பலன் கிடைக்கிறதோ அந்தச் செயல் பெருகும் என்பது பயிற்சியின் அரிச்சுவடி. நடுங்கும்போது கொஞ்சினால் நடுக்கம் பெருகத்தானே செய்யும்?

பதில்: அரிச்சுவடியை நான் மறுக்கவில்லை, அது எதற்குப் பொருந்தும் என்பதில்தான் நாம் பிரிகிறோம். உட்கார், கையைக் கொடு, குதிக்காதே என்பவை நாய் விரும்பிச் செய்யும் செயல்கள்; அவற்றைப் பரிசால் பெருக்கவும் புறக்கணிப்பால் குறைக்கவும் முடியும். அச்சம் ஒரு செயலன்று. அது உணர்ச்சி, நாய் தேர்ந்தெடுத்துக்கொண்டதும் அன்று. உணவோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய மணியோசைக்கே எச்சில் ஊறிய, ரஷ்ய ஆய்வாளர் பாவ்லவின் நாய்கள் விரும்பி எச்சில் ஊறவைக்கவில்லை என்பதைப் போலவே, உங்கள் நாயும் விரும்பி நடுங்கவில்லை. இடிச் சத்தத்தில் அலறி எழும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டால் மறுநாள் அது இடியை மேலும் அஞ்சுவதில்லை. ஆளில்லாமல் தனியே அழவிட்டால்தான் இடியோடு தனிமையும் சேர்ந்துகொள்கிறது.

நானும் தொழிலுக்கு வந்த புதிதில், ஏறெடுத்தும் பார்க்காதீர்கள் என்றே பலருக்குச் சொல்லி அனுப்பினேன். பிறகு என் வீட்டிலேயே ஒரு நாய் குளியலறையில் வாளிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் இரவு முழுவதும் ஒடுங்கிக் கிடந்தது. வாளியின் கைப்பிடி மட்டும் அதன் நடுக்கத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நான் படித்தபடி அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தேன். அடுத்த முறை சத்தம் தொடங்குவதற்கு முன்பே, மாலை இருட்டியதுமே அது குளியலறைக்குப் போய்விட்டது. புறக்கணிப்பு அச்சத்தை ஒரு துளியும் குறைக்கவில்லை. என்னிடம் வந்து பயனில்லை என்பதை மட்டும் அது கற்றுக்கொண்டது.

கேள்வி: அப்படியானால் விருந்தினர் முன்னால் கவனத்தை ஈர்க்க நடுங்குவதுபோல் நடிக்கும் நாயை என்ன செய்வீர்கள்? நான் நேரிலேயே கண்டிருக்கிறேன். (முன் கேட்டவரே.)

பதில்: கண்டிருப்பீர்கள், ஐயா; காலை நொண்டிக் காட்டி மடியேறும் நாய்களை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் நடிக்கும் நாய் தின்பண்டத்தை நீட்டினால் வாங்கிக்கொள்ளும். உண்மையில் அஞ்சிய நாய் தனக்கு மிகவும் பிடித்ததைக்கூட முகர்ந்துபார்க்காது; கண்மணி விரிந்து, காது பின்னால் மடங்கி, வாய் ஓயாமல் இளைக்கும். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததுதான் அந்தப் பழைய அறிவுரையின் பிழை. ஓர் இடத்தில் மட்டும் உங்களோடு உடன்படுகிறேன்: ஐயோ, ஐயோ என்று நாமே பதறினால் நாயும் பதறும். குரலைத் தாழ்த்தி, கையை மெதுவாக ஓட்டினால் போதும். ஒளிந்துகொள்ள விரும்பும் நாயை இழுத்துவந்து கொஞ்சுவதும் தவறு.

கேள்வி: இந்த விவாதம் இருக்கட்டும், சத்தம் வரும் இரவுக்கு முன் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: இருட்டுவதற்கு முன்பே நடத்திக் கூட்டிவந்து, உணவும் கொடுத்துவிடுங்கள். சன்னல்களையும் திரைகளையும் மூடி, மின்விசிறியோ இசையோ ஓடவிட்டு, நாய் தானாகவே ஒதுங்கும் மூலையில் அதன் படுக்கையைப் போடுங்கள். பதிவுசெய்த வெடிச் சத்தத்தை மிகத் தாழ்வாக வைத்து, தின்பண்டத்தோடு சேர்த்துக் கேட்கவைத்துப் பழக்கும் முறை நல்ல பலன் தரும். ஆனால் அதற்கு மாதங்கள் ஆகும், முந்தின நாள் தொடங்கிப் பயனில்லை. அச்சம் மிகுந்த நாய்க்கு மருந்தும் உண்டு. கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் களிம்பு அவற்றுள் ஒன்று. அதை உங்கள் மருத்துவர்தான் எழுதித்தர வேண்டும். அசிபுரோமசின் என்ற அமைதிப்படுத்தும் மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கும் பழைய வழக்கத்தை ஏற்காதீர்கள். அது உடலை அசையவிடாது, அச்சத்தையோ அப்படியே விட்டுவைக்கும். வெளியே அமைதியாகத் தெரியும் நாய் உள்ளே நடுங்கிக்கொண்டிருக்கும். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கிறதா என்றும், மைக்ரோசிப் பொருத்தியிருந்தால் பதிவில் இருப்பது இப்போதைய எண்தானா என்றும் இன்றே பாருங்கள்.

கேள்வி: டாக்டர், எங்கள் நாயும் சாக்லேட் தின்றுவிட்டது. 12 கிலோ எடை. பால் சாக்லேட், 30 கிராம் இருக்கும்.

பதில்: எடையோடு கேட்ட முதல் ஆள் நீங்கள், வாழ்க. கிலோவுக்கு 5 மில்லிகிராம்தான் வருகிறது. வயிறு சற்று இளகலாம். உறையில் சைலிட்டால் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சர்க்கரை சேர்க்காத இனிப்புகளில் இருக்கும் அந்தப் பொருள், கிலோவுக்கு 100 மில்லிகிராம் போனாலே ஒரு மணி நேரத்துக்குள் நாயின் இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். இன்னும் கூடினால் கல்லீரலையும் கெடுக்கும்.

கேள்வி: குளிர் மிகுந்த இரவுக்குப் பின் எங்கள் ஹாம்ஸ்டர் விறைத்துக் கிடக்கிறது. குழந்தைக்குத் தெரியாமல் புதைத்துவிடலாம் என்றிருக்கிறோம்.

பதில்: கொஞ்சம் பொறுங்கள்! அறையின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கினால் ஹாம்ஸ்டர் உறைதூக்கத்தில் ஆழ்ந்துவிடுவதுண்டு. அப்போது மூச்சு நிமிடத்துக்குச் சில முறைதான் வரும், தொட்டால் சில்லென்றிருக்கும். மீசை மயிரை உற்றுப் பாருங்கள், மூக்கின் முன் சிறு கண்ணாடியைப் பிடித்து ஆவி படிகிறதா என்று பாருங்கள். கையில் ஏந்தி, அறையை மெல்லச் சூடாக்கி, மணிக்கணக்கில் காத்திருங்கள். சுடுநீர்ப் பையை நேரடியாக உடலில் வைக்காதீர்கள். உயிர் இருந்தால் அது எழும். எழுந்ததும் மருத்துவரிடம் காட்டுங்கள். மண்வெட்டியை எடுக்குமுன் கேட்டதற்கு நன்றி.

கேள்வி: பூனைக்கு நான்கு நாள் உணவும் நீரும் வைத்துவிட்டு ஊருக்குப் போகலாமா? அது தனிமையை விரும்பும் பிராணிதானே.

பதில்: நாளுக்கு ஒருமுறையாவது யாராவது வந்து பார்க்க வேண்டும். உணவைப் போட மட்டுமன்று. அது உண்டதா, சிறுநீர் கழித்ததா என்று மணல்தட்டைப் பார்ப்பதற்காக. ஆண்பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டால் இரண்டு நாளில் உயிர் போய்விடும். கொழுத்த பூனை தொடர்ந்து சில நாள் உண்ணாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும். இவற்றை நீங்கள் திரும்பிவந்து கண்டுபிடிப்பது பிரேதப் பரிசோதனைக்குச் சமம்.

கேள்வி: அக்காவின் மூன்று வயது மகனைப் பார்த்து எங்கள் நாய் உறுமியது. உடனே அதட்டி அடித்தேன். செய்தது சரிதானே?

பதில்: சரியன்று. உறுமல் என்பது "விலகிப் போ" என்று நாய் கொடுக்கும் முன்னறிவிப்பு. அதை அடித்து அடக்கினால், அடுத்த முறை அறிவிப்பில்லாமல் பல் இறங்கும். உறுமலுக்கு முன்பே அது கொட்டாவி விட்டிருக்கும், உதட்டை நக்கியிருக்கும், முகத்தைத் திருப்பிக் கடைக்கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்திருக்கும்; வீடு நிறைய ஆள் இருந்ததால் யாரும் அவற்றைக் கவனிக்கவில்லை. குழந்தையும் நாயும் ஓர் அறையில் இருந்தால் பொறுப்பான பெரியவர் ஒருவரும் அங்கே இருக்க வேண்டும். கைப்பேசியில் மூழ்கியிருப்பவர் கணக்கில் சேரமாட்டார். நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் குழந்தை அதன் அருகே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூனைக்குச் சளியும் காய்ச்சலும். நாங்கள் போடும் பாராசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கால் மாத்திரையே பூனையைக் கொல்லும். அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பேறி மூச்சுத் திணறும். ஐபுபுரூஃபனும் கூடாது, நாய்க்கும் கூடாது.

கேள்வி: சமையலறையில் கிளிக்கூண்டை வைத்திருக்கிறோம், அங்கேதான் கதகதப்பு.

பதில்: நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து புகைந்தால் கிளி நிமிடங்களில் செத்துவிடும். கூண்டை இப்போதே வேறு அறைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: மீன்தொட்டியின் நீர் குளிர்ந்து, மீன்கள் அடியில் ஒதுங்குகின்றன. என்ன செய்வது?

பதில்: மீன் என் துறையன்று. மீன் வளர்ப்பில் அனுபவமுள்ளவரைக் கேளுங்கள்.

கேள்வி: டாக்டர், நாய் கேக்கைத் தின்றுவிட்டது. சீக்கிரம் சொல்லுங்கள்.

பதில்: எடை என்ன? எவ்வளவு கேக்? எத்தனை மணிக்கு? உலர்திராட்சை இருந்ததா? திராட்சை எந்த அளவில் எந்த நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; அது இருந்திருந்தால் அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த நான்கையும் உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள், எனக்கு எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.