வால் மட்டும் போகிறதா? அது கொடுவா இல்லை

கேளம்பாக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “ஆறு மாதமாக முட்டுக்காடு உப்பங்கழியில் கொடுவாவுக்கு ரப்பர் மீனை இரையாக மாட்டித் தூண்டில் போடுகிறேன். கடி விழுகிறது. சுற்றி எடுத்தால் வாலைக் காணோம். ராடு சரியில்லை, 14,000 ரூபாய்க்கு நல்லது ஒன்று இருக்கிறது என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?”

வாங்காதீர்கள். உங்கள் ராடுக்கு ஒன்றுமில்லை. அறுபட்ட ரப்பரை எடுத்துப் பாருங்கள். கத்தரியால் வெட்டியது போல அரைவட்டமாகப் போயிருந்தால் அது பேத்தையின் வேலை, பந்து மாதிரி ஊதிக்கொள்ளுமே அந்த மீன். அதன் பல் கிளி மூக்கு மாதிரி. கொடுவாவுக்கு வெட்டும் பல்லே கிடையாது. வாய்க்குள் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும், அவ்வளவுதான். இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி முழுசாக விழுங்குகிற மீன் அது. கடித்தால் கையில் ‘டொப்’ என்று ஒரே தட்டுதான் தெரியும்.

ஆக, நீங்கள் இத்தனை நாளும் பேத்தைக்குத் தீனி போட்டிருக்கிறீர்கள். இடத்தை மாற்றுங்கள். கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது மடவைக் குஞ்சும் இறாலும் ஓட்டத்தோடு வெளியே வரும். பாலத் தூணுக்குப் பின்னால், ஓட்டம் படாத நிழலில் கொடுவா காத்திருக்கும். அங்கே ரப்பரை அடியில் தட்டவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். இடுப்பளவு, ஆளளவு தண்ணீருக்கு 7 கிராம் ஈயத்தலை, அதாவது ஈயக் குண்டு வைத்த கொக்கி, போதும். கடையில் 20 கிராமைத் தலையில் கட்டுவார்கள், கல்லைப் போட்ட மாதிரி சேற்றில் புதையும். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் இந்த ஓட்டமே இருக்காது. அடைத்துக்கொண்ட பிறகுதான் தோண்டுவதைப் பற்றியே பேச ஆரம்பிக்கிறார்கள். கடலில் முட்டை பொரித்து உள்ளே வரவேண்டிய கொடுவாக் குஞ்சு அதுவரை எங்கே போகும்?

சரி, பேத்தையைத் தவிர்க்கவே முடியாத இடம் என்றால் ஒன்றே ஒன்றுக்குக் காசு செலவழிக்கலாம். ரப்பர் மீன்களில் பெரும்பாலானவை பிவிசியில் செய்தவை. டிபிஇ என்று இன்னொரு வகை உண்டு. வாலைப் பிடித்து இழுத்தால் பல மடங்கு நீளும், பேத்தை கடித்தாலும் சட்டென்று அறாது. ஆனால் இதை மற்ற ரப்பரோடு ஒரே டப்பாவில் போடவே கூடாது. இரண்டும் ஒட்டி, உருகி, கூழாகிவிடும். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் இன்னும் சீக்கிரம். வந்த பாக்கெட்டிலேயே தனியாக வைத்திருங்கள். ஈயத்தலையில் மாட்டும்போதும் வழுக்கும், கொக்கியின் கழுத்தில் முள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இதை எந்தக் கடையிலும் சொல்லி விற்பதில்லை. டப்பாவைத் திறந்து பார்க்கும்போதுதான் தெரியும்.

லீடர், அதாவது கொக்கிக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு, இந்த விஷயத்தில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். கொடுவாவின் செவுள் மூடி பிளேடு மாதிரி. எம்பித் தலையை உதறினால் மெல்லிய நரம்பு நிற்காது, 30 முதல் 40 பவுண்டு இழுப்பைத் தாங்குவது வேண்டும். எனக்கே ஒரு கடையில் சாதா நைலானை ஃபுளோரோகார்பன் என்று மூன்று மடங்கு விலைக்குக் கொடுத்தார்கள். ஒரு துண்டை நறுக்கித் தண்ணீர் டம்ளரில் அமுக்கி விடுங்கள். ஃபுளோரோகார்பன் நேராக அடிக்குப் போகும். நைலான் தயங்கித் தயங்கித்தான் இறங்கும். கடையிலேயே டம்ளர் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

இறக்குமதிச் சரக்கென்றால் பாக்கெட்டில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை மூன்றும் இருக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்வது இது. தூண்டில் கடைக்குள் வந்து அதைச் சோதித்த அதிகாரி ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. வாட்ஸ்அப் குழுவில் ‘ஒரிஜினல்’ என்று பாதி விலைக்கு விற்பவரிடம் அந்த மூன்றும் இருக்காது, பில்லும் இருக்காது. பில் இருந்து ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள்.

அப்புறம், மீன் மாட்டினால் அளவைப் பாருங்கள். கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துத்தான் பெண்ணாக மாறும். பெரியது கிடைத்தால் அது பெரும்பாலும் தாய் மீன். செவுளில் விரல் விடாமல், கீழ்த்தாடையைப் பிடித்து, வயிற்றுக்கு அடியில் இன்னொரு கை கொடுத்துத் தண்ணீரிலேயே கொக்கியைக் கழற்றி விடுங்கள்.