அடிமை முறையை எதிர்த்த ஒரு பெண்ணைப் பற்றி, பதின்ம வயதினருக்காக முழுக்கக் கவிதையிலேயே எழுதப்பட்ட நாவல் உண்டா? படிக்க எப்படி இருக்கும்?

உண்டு. மார்கரீட்டா எங்கிள் எழுதி 2013-இல் வந்த 'தி லைட்னிங் ட்ரீமர்'. கவிதை என்றதும் மிரள வேண்டாம். எதுகை மோனை எதுவும் கிடையாது, எளிமையான புதுக்கவிதை நடை. யார் பேசுகிறார் என்று மேலே பெயர் இருக்கும், கீழே அவர் மனதில் ஓடுவது இருக்கும். பாஞ்சாலி சபதத்தைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நமக்குக் கவிதையில் கதை கேட்பது ஒன்றும் புதிதில்லையே. என் அக்கா மகளுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஆங்கில நாவல் என்றாலே பத்துப் பக்கத்தில் மூடிவைக்கிறவள், இதை முழுசாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். அந்தச் சண்டைக்கு அப்புறம் வருகிறேன்.

நாயகி நிஜத்தில் வாழ்ந்தவர். பெயர் ஹெர்த்ருதிஸ் கோமெஸ் தே அவெயானேதா, வீட்டில் தூலா. கியூபாவில் இன்று கமகுவே எனப்படும் ஊரில் 1814-இல் பிறந்தார். கியூபா அப்போது ஸ்பெயினின் கையில் இருந்தது; அங்கே கரும்பு வெட்டியதும் சர்க்கரை காய்ச்சியதும் ஆப்பிரிக்க அடிமைகள். தூலாவுக்கு ஒன்பது வயதில் அப்பா இறந்துபோக, ஒரு வருடம்கூட முடியாமல் அம்மா மறுமணம் செய்துகொண்டார். பெண்ணுக்குப் பணக்கார வரன் பேசினார்கள். முடியவே முடியாது என்று நின்றதில் தாத்தாவின் சொத்தும் கைவிட்டுப் போனது.

எங்கிள் பிடித்துக்கொள்வது இந்த வருடங்களைத்தான். தனக்கே விலை பேசுகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பெண்ணுக்கு, அதே ஊரில் மனிதர்களை விற்று வாங்குவது முன்போலச் சாதாரணமாகத் தெரிவதில்லை. புத்தகத்தில் தூலா பேசும் சில கவிதைகள் மேடைப் பேச்சு மாதிரி இருப்பது உண்மை. பதினாலு வயசுப் பிள்ளை இப்படியா யோசிக்கும் என்று எனக்குத் தோன்றிய இடங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது சமையல்காரி காரிதாத். அடிமையாக இருந்து விடுதலை பெற்றவள், ஆனாலும் அதே வீட்டு அடுப்படியிலேயே நிற்கிறாள். அவள் பேசத் தொடங்கினால் புத்தகம் கொஞ்சம் கனத்துவிடுகிறது.

இதைப் படித்தவர்கள் அப்படியே தூலா எழுதிய 'சாப்' நாவலுக்கும் போக வேண்டும். 1836-இல் குடும்பத்தோடு கியூபாவை விட்டுக் கப்பலேறியவர், 1841-இல் மாட்ரிட்டில் அதை வெளியிட்டார். அடிமை முறையை எதிர்த்த புகழ்பெற்ற அமெரிக்க நாவலான 'அங்கிள் டாம்ஸ் கேபின்' வர இன்னும் பதினோரு வருடம் இருந்தது. கதை இதுதான்: சாப் என்ற அடிமை இளைஞன் முதலாளி மகள் கார்லோத்தாவை வாய் திறக்காமல் நேசிக்கிறான். அவளோ ஆங்கில வியாபாரி ஒருவரின் மகன் என்ரிக்கேயைக் கட்டிக்கொள்ள இருக்கிறாள். இந்த என்ரிக்கே வரதட்சணை குறைந்தால் கழன்றுகொள்கிற ரகம். ஒரு புயல் இரவில் அவன் குதிரையிலிருந்து விழுந்து கிடக்கிறான். அப்படியே விட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் சாப் காப்பாற்றுகிறான். பிறகு லாட்டரியில் சாபின் சீட்டுக்குப் பெரிய பரிசு விழுகிறது. தன் விடுதலையையே வாங்கியிருக்கலாம். அந்தச் சீட்டை கார்லோத்தாவின் சீட்டோடு சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடுகிறான். கல்யாணம் நடக்கிறது.

சாகும் முன் சாப் எழுதும் கடிதத்தில்தான் வில்லங்கம். பெண்களும் அடிமைகள்தான், சொல்லப்போனால் அடிமையாவது எசமானை மாற்றலாம், காசு சேர்த்து ஒருநாள் விடுதலையை வாங்கலாம், பெண்ணுக்குச் சாவு வரை வழியில்லை என்கிறான். இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னபோதுதான் அக்கா மகள் சண்டைக்கு வந்தாள். "சாட்டையடி வாங்கினவங்க கிட்ட போய் இதைச் சொல்ல முடியுமா, மாமா?" என்றாள். கியூபாவில் ஓர் அடிமை தன் விலையை நிர்ணயிக்கச் சொல்லித் தவணை தவணையாகக் கட்டி விடுதலை பெறும் வழக்கம் உண்மையிலேயே இருந்தது, தூலா அதை வைத்துத்தான் எழுதுகிறார் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. யோசித்தால் காரிதாத் நிற்பதும் அவள் பக்கம்தான். விடுதலை கைக்கு வந்த பிறகும் போக்கிடம் இல்லாதவள் அவள். எங்கிள் தெரிந்தே அப்படி எழுதினாரோ என்னவோ, தூலாவின் கணக்கு சரியாக வராத இடத்தை அந்தச் சமையல்காரி காட்டிவிடுகிறாள்.

கியூபா தணிக்கைக்காரர்கள் 1844-இல் 'சாப்' நாவலை உள்ளே விடவில்லை. அங்கே அடிமை முறை ஒழிந்தது 1886-இல். தூலா 1873-லேயே மாட்ரிட்டில் இறந்துவிட்டார். கடைசிக் காலத்தில் தன் படைப்புகளைத் தானே தொகுத்தபோது 'சாப்' நாவலை அவரே அதில் சேர்க்கவில்லை. இளையோர் நாவல் அவர் இளமையைத்தான் சொல்கிறது என்பதால் இந்தச் சங்கடமெல்லாம் அதில் வராது. பதின்மூன்று வயதுக்கு மேல் யாருக்கும் எங்கிள் புத்தகத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். 'சாப்' ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது, அதைக் கல்லூரிக்குப் போகிற வயதில் படிக்கட்டும்.