மகள் டிராபிக் இன்ஜினியர் ஆகணும் என்கிறாள்: சேலம் அம்மாபேட்டை அப்பா ஒருவருக்கு

வணக்கம் ஐயா,

நீங்கள் பயந்துபோய்க் கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, டிராபிக் இன்ஜினியர் என்பது டிராபிக் போலீஸ் வேலை இல்லை. உங்கள் மகள் வெயிலில் நின்று விசில் ஊதப் போவதில்லை, ஹெல்மெட் போடாதவர்களைப் பிடிக்கப் போவதும் இல்லை. சிக்னல் எத்தனை நொடி பச்சையாக இருக்க வேண்டும், பஸ் எங்கே நிற்க வேண்டும், ஸ்கூல் வாசலில் பிள்ளைகள் எந்த இடத்தில் ரோட்டைக் கடக்க வேண்டும், ஒரு திருப்பத்தில் வண்டிகள் ஏன் திரும்பத் திரும்ப மோதுகின்றன, இதையெல்லாம் அளந்து கணக்குப் போட்டு மாற்றுகிற வேலை. சிவில் இன்ஜினியரிங்கில் ஒரு பிரிவு இது. ஐ.டி. கம்பெனி கேம்பஸ் வந்தபோது பெயர் கொடுக்காமல் விட்டுவிட்டாள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அந்தக் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இதைப் படியுங்கள், முடிந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

அவளுக்கும் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிய வேண்டும். யூடியூபில் அவள் பார்த்திருக்கக்கூடிய 'சிட்டி டிராபிக் இன்ஜினியர்' பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர். அங்கே உள்ளாட்சி அமைப்புகளிலேயே அந்தப் பெயரில் பதவி உண்டு. படித்து முடித்ததும் ஒரு தேர்வு, பிறகு பொதுவாக நான்கு வருட அனுபவம், அதற்குப் பிறகு உரிமத் தேர்வு என்று படிப்படியாகப் போகிறார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் வேலைக்கு விளம்பரம் வருமென்று காத்திருந்தால் வருஷம்தான் போகும். 2024-ல் நகராட்சி நிர்வாகத் துறைக்கு அண்ணா பல்கலைக்கழகம் மூலம் தேர்வு வைத்து ஆள் எடுத்தார்கள். அதில் இருந்ததெல்லாம் உதவிப் பொறியாளர், இளநிலைப் பொறியாளர், வரைவாளர், பணி மேற்பார்வையாளர் மாதிரியான பதவிகள். போக்குவரத்துப் பொறியாளருக்கான வேலை அந்த உதவிப் பொறியாளரின் மேஜைக்குத்தான் வந்து சேருகிறது. அதனால் உள்ளே போகிற வாசல் 'உதவிப் பொறியாளர், சிவில்'. உள்ளே போன பிறகு டிராபிக் தெரிந்த ஆளாக இருப்பது அவள் கையில் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே இதுதான். பதவியைத் தேடி அலைய வேண்டாம், திறமையோடு வேறு பெயருள்ள பதவிக்குள் போகட்டும்.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்? மறைக்காமல் சொல்கிறேன். மாநகராட்சி உதவிப் பொறியாளருக்கு முதல் சில வருஷம் சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சிமெண்ட் ரோடு, எஸ்டிமேட், டெண்டர், எம்.புக் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) எழுதுவது, இவைதான் அதிகம். நம் மாநகராட்சியில் 60 வார்டு, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலம். எந்த மண்டலத்தில் போட்டாலும் காலையில் போனை எடுத்தால் தண்ணீர் வரவில்லை என்றுதான் ஆரம்பிக்கும். போக்குவரத்து வேலை இதற்கு நடுவில் மனுவாக வந்து சேரும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் யாராவது 'எங்கள் தெருவில் வேகத்தடை வேண்டும்' என்று கொடுத்த மனு, சுற்றிச் சுற்றி அவளிடம் வந்து நிற்கும்.

இந்த வேகத்தடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வேலைக்குச் சேர்பவரின் குணம் தெரிகிற இடம் அதுதான். வேகத்தடை போட்டால் ஒரு தெருவே சந்தோஷப்படும், கவுன்சிலரும் சந்தோஷப்படுவார், செலவும் குறைவு. ஆனால் அதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.), அதாவது சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பு, தனி விதிமுறையே வைத்திருக்கிறது, ஐ.ஆர்.சி. 99 என்று. அதில் சொல்லப்படும் வழக்கமான வளைவு வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருக்களில் இருப்பதை ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு அடி அகலத்தில் தார் மேடு, மேலே வெள்ளைக்கோடும் இல்லை, முன்னால் போர்டும் இல்லை. இரவில் அதில் தூக்கிப் போடப்படுவது பெரும்பாலும் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ பாட்டியோதான். பிரசவ வலியில் இருக்கிற பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும் 108-க்கும் அதே மேடுதான். 'இங்கே வேகத்தடை வேண்டாம், முக்கில் பார்வையை மறைக்கிற பெட்டிக்கடையைத் தள்ளி வைத்து, ஸ்கூலுக்கு முன்னால் கடக்கும் இடத்தைச் சரியாக அமைத்தால் போதும்' என்று ஒரு இளம் பொறியாளர் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், அவரிடம் அளவு இருக்க வேண்டும். எத்தனை வண்டி, என்ன வேகம், எத்தனை விபத்து. அளவு இல்லாத ஆளால் யாருக்கும் 'முடியாது' என்று சொல்ல முடியாது. அளவு கையில் இருந்தால் கவுன்சிலரே உட்கார்ந்து கேட்பார், நான் பார்த்த வரைக்கும் அப்படித்தான்.

இன்னொரு தலைவலி, ரோடு யாருடையது என்பது. தெருக்கள் மாநகராட்சியுடையவை. ஏற்காடு மலைப்பாதை மாதிரியான சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். பெங்களூரு - கன்னியாகுமரிப் பக்கம் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 வேறு ஆணையத்திடம். வண்டியை நிறுத்துவதும் திருப்பி விடுவதும் போலீஸிடம். பஸ் போக்குவரத்துக் கழகத்திடம். ஒரு சந்திப்பைச் சரிசெய்ய இத்தனை பேரும் ஒரே மேஜைக்கு வர வேண்டும், அதற்குத்தான் கலெக்டர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் நடக்கிறது. அதில் பேசப் பொறுமையும் நல்ல தமிழும் வேண்டும். பாப்பா கூட்டத்தில் பேசக் கூச்சப்படுவாள் என்று எழுதியிருந்தீர்களே, அதை இப்போதே சரிசெய்ய ஆரம்பியுங்கள். மார்க்கை விட இது முக்கியம் என்பேன்.

2020-ல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலத்தில் நீங்களும் போயிருப்பீர்கள். கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் நீளம். 'அதுதான் பாலம் கட்டிவிட்டார்களே, இனி டிராபிக் இன்ஜினியருக்கு என்ன வேலை' என்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் கேட்டதாகச் சொன்னீர்கள். பாலம் கட்டுவது ஒரு தடவை நடக்கிற வேலை. பாலத்துக்குக் கீழே ஆட்டோ எங்கே நிற்பது, தூண் மறைக்கிற இடத்தில் நடப்பவர் எப்படிக் கடப்பது, கடைக்கு வரும் பைக்கை எங்கே விடுவது என்பதெல்லாம் தினமும் இருக்கிற வேலை. மேலே பறப்பவர்களைப் பற்றி யோசித்தது போல, கீழே நடப்பவர்களைப் பற்றியும் யோசிக்க ஒருத்தர் வேண்டும். உங்கள் மகள் அதைத்தான் செய்ய ஆசைப்படுகிறாள் என்றால், அது நல்ல ஆசை.

தேவை இருக்கிறதா என்று கேட்டால், மத்திய அரசின் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் நாம்தான் முதல் மாநிலம். தொப்பூர் கணவாய் நமக்கு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும், இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரி பற்றிய செய்தி படிக்காத சேலத்துக்காரர் யாரும் இருக்க மாட்டார்கள். ஓட்டுநரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் தூரத்துக்குள் மூன்று வருஷத்தில் உயிரிழப்போ பலத்த காயமோ உள்ள 5 விபத்து நடந்தால், அல்லது 10 பேர் இறந்தால், அதை விபத்துப் பகுதி என்று அரசே குறிக்கிறது. அதாவது தப்பு ரோட்டிலும் இருக்கலாம் என்று அரசே ஒத்துக்கொள்கிறது. அந்தத் தப்பைத் தேட ஆள் வேண்டும்.

ஏற்காட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், சுற்றிப் பார்க்க இல்லை. அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது கஷ்டப்படுவது என்ஜின்தான், ஆபத்து இறங்கும்போது. சமவெளியிலேயே ஓட்டிப் பழகினவர்கள் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வருவார்கள், பாதி மலையில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். கியரைக் குறைக்கச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையை வளைவுக்கு எத்தனை மீட்டர் முன்னால் வைப்பது, பனி மூடினாலும் தெரிகிற மாதிரி ஒளி திருப்பும் பட்டை எங்கே ஒட்டுவது, மே மாதக் கோடை விழாக் கூட்டத்தை ஒரு பாதையில் ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்குவது, இவ்வளவும் இந்தப் பாடத்துக்குள் வருகிறது. நெடுஞ்சாலைத் துறையில் சேர்ந்தால் இப்படிப்பட்ட வேலை அவளுக்குக் கிடைக்கும். என் கருத்தைக் கேட்டால், டிராபிக்கில் ஆசை இருக்கிற பிள்ளைக்கு மாநகராட்சியை விட நெடுஞ்சாலைத் துறையே முதல் தேர்வாக இருக்கலாம். அதற்கு டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வு எழுத வேண்டும். சிவில் தாள் பட்டப்படிப்புத் தரத்தில் இருக்கும், பொது அறிவு உண்டு, தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் தமிழை அலட்சியமாக விட்டு இதில் மாட்டிக்கொள்கிறார்கள், பார்க்கவே வயிறு எரிகிறது. உதவிப் பொறியாளருக்கு அடிப்படைச் சம்பளம் 37,700-ல் ஆரம்பம், அதற்கு மேல் அகவிலைப்படியும் மற்ற படிகளும்.

பணம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 'மாநகராட்சியில் எனக்கு ஆள் இருக்கிறார், இத்தனை லட்சம் கொடுத்தால் ஆர்டர் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது வீட்டு வாசலுக்கு வந்தால் டீ கூடக் கொடுக்காதீர்கள். தறி ஓட்டிச் சேர்த்த பணம் அது. போனால் திரும்பி வராது, பிள்ளையின் பெயரும் கெடும்.

இப்போது செய்ய வேண்டிய காரியம். கடைசி வருஷ பிராஜெக்டை கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டாம். நம் ஊர் 'நான்கு ரோடு' சந்திப்போ அஸ்தம்பட்டியோ, ஏதாவது ஒரு சந்திப்பை எடுத்துக்கொள்ளட்டும். தோழிகள் மூன்று பேரோடு நடைபாதையில் பாதுகாப்பான இடத்தில் நின்று, காலை நெரிசல் நேரத்திலும் மாலை நெரிசல் நேரத்திலும் கால் மணிக்கு ஒருமுறை எண்ணட்டும். நான்கு சாலை கூடும் இடம் என்றால், ஒவ்வொரு சாலையிலிருந்தும் இடது, நேர், வலது என்று மொத்தம் 12 போக்கு. ஒவ்வொன்றிலும் பைக், ஆட்டோ, கார், பஸ், லாரி தனித்தனியாக. அப்புறம் எல்லாவற்றையும் கார் அளவுக்கு மாற்ற வேண்டும். ஐ.ஆர்.சி. 106-ன்படி ஒரு பைக் அரைக் காரிலிருந்து முக்கால் கார் வரை, ஒரு பஸ் 2.2 முதல் 3.7 கார் வரை, கூட்டத்தில் அதன் பங்கைப் பொறுத்து மாறும். அந்தக் கணக்கை வைத்து, வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1958-ல் கொடுத்த சூத்திரத்தில் சிக்னல் நேரத்தைப் போட்டு, இப்போது ஓடுகிற நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். நடப்பவர்களையும் எண்ணச் சொல்லுங்கள், நிறைய பேர் அதை விட்டுவிடுவார்கள். சர்வே எடுக்கும் முன் போலீஸ் ஸ்டேஷனில் கல்லூரிக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த ஒரு பிராஜெக்ட் அவளுக்குப் பிடித்திருக்கிறதா என்பதே உங்களுக்குப் பெரிய பதில். வெயிலில் நின்று எண்ணி வந்த அன்று ராத்திரியும் அந்த எண்களோடு உட்கார்ந்திருந்தாள் என்றால், தடுக்காதீர்கள். ரெண்டாவது நாளே சலித்துவிட்டாள் என்றால் அதையும் திட்டாமல் ஏற்றுக்கொள்ளுங்கள், சிவிலில் வேறு நூறு வேலை இருக்கிறது.

அரசுத் தேர்வை மட்டும் நம்பி நாலைந்து வருஷம் வீட்டில் உட்கார வைப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அறிவிப்பு எப்போது வரும், வழக்கு வந்தால் எவ்வளவு தள்ளும் என்பது யார் கையிலும் இல்லை. நெடுஞ்சாலை வடிவமைப்பு ஆலோசனை நிறுவனங்களில் டிராபிக் சர்வே, சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்று தனிக் குழுக்கள் உண்டு. ஆரம்பச் சம்பளம் அரசு வேலை அளவுக்கு இருக்காது, ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும், ஆனால் கை பழகும். அங்கே வேலை பார்த்துக்கொண்டே ரெண்டு தடவை தேர்வு எழுதட்டும். மேலே படிக்க ஆசை என்றால் கிண்டி பொறியியல் கல்லூரியில் போக்குவரத்துப் பொறியியலில் எம்.இ. இருக்கிறது, திருச்சி என்.ஐ.டி.யில் எம்.டெக். இருக்கிறது. பொறியியல் மேற்படிப்புக்கான 'கேட்' (GATE) தேர்வில் மதிப்பெண் நன்றாக இருந்தால் எம்.டெக்.கில் மாதாமாதம் உதவித்தொகையும் கிடைக்கும், உங்கள் கையைப் பெரிதாகக் கடிக்காது.

பெண் பிள்ளை சைட்டில் ராத்திரி நிற்க வேண்டியிருக்குமே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், நிற்க வேண்டியிருக்கும். வண்டி ஓட்டம் குறைகிற ராத்திரியில்தான் ரோட்டில் கோடு போட முடியும். தனியாக நிற்க மாட்டாள், ஒப்பந்ததாரரின் ஆட்களும் துறை ஊழியர்களும் இருப்பார்கள், இன்றைக்கு இந்தத் துறைகளில் பெண் உதவிப் பொறியாளர்கள் நிறையவே வேலை பார்க்கிறார்கள். அவர்களில் ஒருவரை நேரில் சந்திக்க ஏற்பாடு செய்து தருகிறேன். நீங்களும் கூட வாருங்கள், என்னிடம் கேட்கத் தயங்கினதை அவரிடமே கேட்கலாம். கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட் கடைசியில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். அதற்கு முன்னால், கல்லூரியில் பிராஜெக்ட் தலைப்புக் கொடுக்கச் சொல்லும் தேதி என்ன என்று அவளிடம் கேட்டு எனக்குச் சொல்லுங்கள்.