'மேட் இன் பங்களாதேஷ்' சட்டையை வாங்கலாமா?

"மகனுக்கு டி-ஷர்ட் எடுக்கப் போனேன். லேபிளில் 'மேட் இன் பங்களாதேஷ்' என்றிருந்தது. அங்கே இடிந்து விழுந்த ராணா பிளாசா என்ற தையல் கம்பெனிக் கட்டடம் ஞாபகம் வந்து திரும்ப வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வாங்கலாம் என்பதுதான் என் பதில். நாம் வாங்காமல் விட்டால் அங்கே யாருக்கும் சம்பளம் கூடாது, வேலைதான் போகும். இது நடந்த கதைதான். 1990களின் தொடக்கத்தில், குழந்தைகளை வேலைக்கு வைத்துத் தயாரித்த பொருட்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகக்கூட ஆகவில்லை, ஆனால் ஆர்டர் போய்விடுமோ என்று பயந்த பங்களாதேஷ் முதலாளிகள் சுமார் 50,000 பிள்ளைகளை வெளியே அனுப்பினார்கள். பள்ளிக்கூடமா போனார்கள்? பலர் கல் உடைக்கப் போனார்கள், தெருவில் பொருள் விற்கப் போனார்கள். அவர்களுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் என்று ஒப்பந்தம் வந்தது 1995-ல்தான்.

இன்று அந்த நாட்டு ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கும் மேல் ஆயத்த ஆடைதான். சுமார் 40 லட்சம் பேருக்கு அதுதான் வேலை, பெரும்பாலும் பெண்கள். கம்பெனிகள் வந்த பகுதிகளில் பெண்களுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, பெண் பிள்ளைகள் கூடுதலாகப் படிக்கிறார்கள் என்று ஆய்வே இருக்கிறது.

அதற்காக எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ராணா பிளாசாவில் முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தையல்காரர்களை மட்டும் மறுநாள், 2013 ஏப்ரல் 24 அன்று, உள்ளே போகச் சொன்னார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். ஷிப்மென்ட் தேதி தவறினால் பையர், அதாவது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பிராண்ட், விலையைக் குறைப்பான், இல்லாவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவைக் கம்பெனி தலையில் கட்டுவான், அந்த அவசரம் கடைசியில் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் மேல்தான் விழும். 2020-ல் கொரோனா வந்ததும் பையர்கள் ரத்து செய்த, நிறுத்திவைத்த ஆர்டர்கள் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல். குறைந்தபட்சச் சம்பளம் 2023 டிசம்பரிலிருந்து மாதம் 12,500 டாகா (பங்களாதேஷ் பணம்). சங்கங்கள் கேட்டதோ 23,000.

ஆகவே, நாட்டைப் பார்க்காதீர்கள், பிராண்டைப் பாருங்கள். விலையை வைத்து முடிவு செய்ய முடியாது, ஒரே கம்பெனியில் மலிவுச் சட்டையும் தைப்பார்கள், காஸ்ட்லி சட்டையும் தைப்பார்கள். பிராண்டின் இணையதளத்தில் எந்தெந்தக் கம்பெனிகளில் தைக்கிறார்கள் என்ற பட்டியல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம், ராணா பிளாசாவுக்குப் பிறகு தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் சேர்ந்து போட்ட 'அக்கார்ட்' பாதுகாப்பு ஒப்பந்தத்தில் அந்த பிராண்ட் கையெழுத்திட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது கோர்ட்டு வரை போகக்கூடிய ஒப்பந்தம், வெறும் உறுதிமொழி இல்லை. இரண்டும் இல்லையென்றால் ஒரு மெயில் தட்டுங்கள். மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு பிராண்ட் எடுங்கள், அதுவும் பங்களாதேஷில் தைத்ததாக இருந்தாலும் பரவாயில்லை.